வீடு பெயர்ந்தாலும் பிள்ளையின் உரிமை பெயராது

ஆரம்பப் பாடசாலையில் சிறுவர் உரிமைகள்: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நேரம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தனர். அதனால் அவர்கள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். இடம்பெயர்ந்த குடும்பங்கள் முதலில் ஒதுங்கியதும் கொஸ்லந்தை, பூனாகலைப் பகுதிப் பாடசாலைகளிலேயே. பின்னர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கவைக்கப்பட்டனர். 2016ஆம் ஆண்டிலேயே அவர்களுக்கெனக் கட்டப்பட்ட 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்! ஒரு பிள்ளை தரம் 1இல் சேர்ந்து தரம் 3க்குப் போகும் காலம் அது.

அதன் பின்னரும் மலை ஓயவில்லை. 2023 மார்ச் மாதத்தில் பூனாகலை, கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மலைகள் சரிந்தன. லயத்தையும், லயத்துக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்திகளையும், மாட்டுக் கொட்டிலையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்களை மனதிற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

"அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு வாங்க வழியில்லை. இந்த நேரத்தில் உரிமைப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆயினும் நிலமும் வீடும் திரும்பக் கிடைக்கும்வரை பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. எழுத்தறியும் வயதில் விட்டுப்போன இரண்டு ஆண்டுகளைப் பின்னர் ஈடுசெய்வது மிகக் கடினம். ஆகவே வீட்டுக்கும் நிலத்துக்கும் முயலும் அதே வேளையில் பிள்ளையின் உரிமைகளையும் நாம் அறிந்திருத்தல் அவசியம்.

உரிமை என்றால் என்ன?

முகாமுக்கு ஒரு லொறி வருகிறது. நல்ல மனம் படைத்த ஒருவர் அரிசி, பருப்பு, பாய், போர்வை என்பவற்றைத் தருகிறார். அது உதவி. அவர் நாளை வராமல் விட்டால் நாம் அவரைக் கேள்வி கேட்க முடியாது. உரிமை என்பது வேறு. அதை நிறைவேற்றும் கடமை ஒருவருக்கு உண்டு. அவர் தவறினால் "ஏன்?" என்று கேட்க நமக்கு இடமுண்டு. நம் பிள்ளைக்குப் பாடசாலையில் இடம் கிடைப்பது இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20ஆம் திகதி சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை நிறைவேற்றியது. இதில் 54 உறுப்புரைகள் உள்ளன. இலங்கை அரசாங்கம் 1991 ஜூலை மாதத்தில் இதனை ஏற்று உறுதிப்படுத்தியது. இச்சமவாயத்தின்படி 18 வயதுக்குக் குறைந்த ஒவ்வொருவரும் சிறுவரே. இதன் அடிப்படைக் கருத்துகளை நான்காகச் சுருக்கிச் சொல்லலாம்:

1. எந்தப் பிள்ளைக்கும் பாகுபாடு காட்டலாகாது.
2. பிள்ளை பற்றி எடுக்கும் எந்த முடிவிலும் அதன் நலனே முதன்மையாகக் கருதப்படல் வேண்டும்.
3. உயிர் வாழவும் நன்கு வளரவும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு.
4. தன்னைப் பற்றிய விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு; வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளித்தல் வேண்டும்.

இவ்வுரிமைகளைப் பெரியவர்களுக்கு மட்டுமன்றிச் சிறுவர்களுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என 42ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே இவற்றைத் தரம் 3 பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கடமையின் ஒரு பகுதி அது.

நாம் ஏன் கேட்கத் தயங்குகிறோம்?

தோட்டத்து மக்கள் பாடசாலை வாசலில் தயங்கி நிற்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நீண்ட காலமாகத் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தது. ஒரு மண்டபம், ஓர் ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக: இதுவே பல தோட்டங்களின் நிலை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதன் பயன் உரிய காலத்தில் வந்து சேரவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம்முள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைக்கத் தொடங்கின. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 1988லும் 2003லும் சட்டங்கள் இயற்றப்பட்டன.

துரையிடம் கேட்டே எதையும் பெற வேண்டியிருந்த காலத்தின் பழக்கம் இன்னும் நம்மிடம் உண்டு. இடம்பெயர்ந்து வேறு ஊருக்குப் போனால் அப்பழக்கம் இரட்டிப்பாகிறது. "நாம் வந்தேறிகள்தானே, கிடைத்தது போதும்" என்று ஒதுங்கிவிடுகிறோம். இந்த நினைப்பே பிள்ளையின் வழியில் நிற்கும் முதற் தடை.

ஆரம்பப் பாடசாலையில் பிள்ளையின் ஐந்து உரிமைகள்

1. சேரும் உரிமை

1998 ஜனவரி முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரையிலான பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்வது இலங்கையில் கட்டாயமாக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் இந்த வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளை முகாமில் இருந்தாலும், உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தாலும் இச்சட்டத்தில் மாற்றமில்லை.

பழைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் மண்ணில் புதைந்து போயிருக்கலாம். அது பிள்ளையின் குற்றமன்று. பிள்ளை எந்தப் பாடசாலையில், எந்தத் தரத்தில் படித்தது என்பதை முன்னைய அதிபர் மூலமோ வலயக் கல்வி அலுவலகம் மூலமோ உறுதிசெய்து கொள்ளலாம். பத்திரம் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் வகுப்பில் அமரவையுங்கள். பத்திரம் பின்னால் வரட்டும்.

அரசாங்கப் பாடசாலையில் கல்வி இலவசம். பாடநூல்கள் 1980 முதலும், சீருடைத் துணி 1993 முதலும் அரசாங்கத்தால் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றன. ஏதேனும் பணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது பிள்ளையின் உரிமைக்கு மாறானது.

2. பெயருக்கும் பதிவுக்குமான உரிமை

பிறந்தவுடன் பதியப்படுவதற்கும், பெயர் பெறுவதற்கும், ஒரு நாட்டின் பிரசையாவதற்கும் பிள்ளைக்கு உரிமை உண்டென்று சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை கூறுகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் பரீட்சையிலும், அடையாள அட்டையிலும், தொழிலிலும் அலைந்தவர்கள் நம்மிடையே பலர். அந்த அலைச்சல் அடுத்த தலைமுறைக்கு வேண்டாம்.

சான்றிதழ் தொலைந்திருந்தால் பிறப்பு முன்னரே பதியப்பட்டிருக்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பிறப்பே பதியப்படவில்லையெனில் செய்ய வேண்டியது வேறு. பிறப்பை 42 நாட்களுக்குள் அறிவித்தல் வேண்டும். மூன்று மாதம் கடந்துவிட்டால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளையின் தடுப்பூசி அட்டை, மருத்துவமனைக் குறிப்பு, ஞானஸ்நானப் பத்திரம், பாடசாலைச் சேர்வு இடாப்பின் விபரம் முதலியவற்றில் எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். பெயரின் எழுத்துகள் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே மாதிரி உள்ளனவா என்று அங்கேயே சரிபாருங்கள். தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதும்போது ஓரெழுத்து மாறி, பின்னர் பல ஆண்டுகள் இழுபட்டவர்களை நாம் அறிவோம்.

3. அடியும் அவமானமும் இல்லாத வகுப்பு

"அடியாத மாடு படியாது" என்பார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் உங்கள் பொறுப்பு" என்று ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்த தகப்பன்மாரும் உண்டு. பிள்ளை உருப்பட வேண்டும் என்ற ஆசையிலேயே அப்படிச் சொன்னார்கள். ஆனால் பயந்த பிள்ளை கேள்வி கேட்பதில்லை. விளங்காததை விளங்காதென்று சொல்வதுமில்லை. கடைசியில் பாடசாலைக்கே வர மறுக்கிறது.

பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டில் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆசிரியர் அறைந்ததால் கேட்கும் திறன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடூரமான, இழிவான நடத்தையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென்று அத்தீர்ப்பில் கூறப்பட்டது. இவை எல்லா ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியவை.

மண்சரிவைக் கண்ட பிள்ளைகள் விடயத்தில் இது இன்னும் முக்கியமானது. தகரக் கூரையில் மழை விழும் ஓசை கேட்டால் சில பிள்ளைகள் நடுங்குவார்கள். இரவில் தூங்காமல் பகலில் வகுப்பில் தூங்குவார்கள். படுக்கையை நனைப்பார்கள். தெரிந்த எழுத்தையும் மறந்ததுபோல் விழிப்பார்கள். இது சோம்பலுமல்ல, பிடிவாதமுமல்ல. பயம் ஆறாத மனத்தின் அடையாளம். பிரம்பு இதைக் குணமாக்காது. பிள்ளை என்ன கண்டது, யாரை இழந்தது என்பதை வகுப்பாசிரியரிடம் பெற்றோர் தனியாகச் சொல்லி வைத்தால், நல்லாசிரியர் அதற்கேற்ப நடந்துகொள்வார். பயம் பல வாரங்களாகியும் தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

4. வேற்றுமை காட்டப்படாமல் இருக்கும் உரிமை

புதிய பாடசாலையில் "முகாம் பிள்ளைகள்" என்று தனி வாங்கில் இருத்துவது, பிள்ளையின் பெயரை விட்டு "மண்சரிவுப் பிள்ளை" என்று அழைப்பது, நிவாரணப் பொருள் வாங்க எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திப் படம் பிடிப்பது: இவை யாவும் பிள்ளையின் மனத்தைச் சுடும். பெரும்பாலும் இவை கெட்ட எண்ணத்தோடு செய்யப்படுவதில்லை. எனவே சண்டையாகத் தொடங்காமல் எடுத்துச் சொன்னாலே பல இடங்களில் திருந்தும்.

தன் மொழியிலும் சமயத்திலும் வாழும் உரிமை சமவாயத்தின் 30ஆம் உறுப்புரையில் உண்டு. தமிழ் மொழிமூலப் பாடசாலை அருகில் இல்லாத இடத்தில் குடியமர்த்தப்பட்டால், பிள்ளைகள் எங்கே, எப்படிப் போய் வருவார்கள் என்பதைக் குடியமர்த்தும் முன்னரே கேளுங்கள். வீட்டுக்கு இடம் பார்க்கும்போது தண்ணீரும் பாதையும் பார்க்கிறோம். பாடசாலைக்கு எத்தனை மைல் என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. பேசவும் விளையாடவும் உரிமை

விளையாட்டும் ஓய்வும் 31ஆம் உறுப்புரையின் கீழ் உரிமைகளே. 1999இல் நாடெங்கும் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்னும் மூன்றின் வழியாகக் கற்பிக்கச் சொன்னது. ஆகவே சிறு பிள்ளை வகுப்பில் விளையாடுவதைக் கண்டு "படிப்பிக்கவில்லை" என்று குறை கூற வேண்டாம்.

பிள்ளையின் கருத்தைக் கேட்பதும் கடினமான காரியமல்ல. பாடசாலைக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் பயமாக இருக்கிறது, மலசலகூடத்துக்குப் போக ஏன் தயங்குகிறாய், யார் கேலி செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஓடையின் மீது எந்தப் பலகை ஆடுகிறது என்பதை அதிபரைவிட அதன் மீது தினமும் நடக்கும் ஏழு வயதுப் பிள்ளை நன்றாக அறியும்.

வீட்டுக்குள் இருக்கும் தடை

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தாய் காலையில் பெரட்டுக்குப் போகிறாள். தகப்பன் கூலி வேலை தேடி வெளியே போகிறான். முன்பு கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போகலாம். முகாமுக்கு அருகில் அது இல்லை. ஒன்பது வயது மூத்த மகள் தம்பியைப் பார்த்துக்கொள்ள நிற்கிறாள். "ஒரு கிழமைக்குத்தான்" என்று தொடங்குவது ஒரு தவணையாகிறது. வரவு இடாப்பில் சிவப்புக் கோடுகள் நிறைகின்றன. பின்னர் அவளுக்கே பாடசாலைக்குப் போக வெட்கமாகிவிடுகிறது.

இத்தாயைக் குற்றவாளியாக்கக் கூடாது. ஆனால் இதற்கு வழியுண்டு. முகாமில் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால், வேலைக்குப் போகாத ஒரு பாட்டியம்மாவோ சித்தியோ முறைவைத்துக் குழந்தைகளைப் பார்க்கலாம். மாதர் சங்கம் இதை ஒழுங்கு செய்யலாம். பங்குச் சபையிடம் ஓர் அறை கேட்கலாம். ஒரு மூத்த மகளின் படிப்பு இப்படித்தான் காப்பாற்றப்படும்.

அதைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவது. இடம்பெயர்ந்த குடும்பங்களைத் தேடித் தரகர்கள் வரக்கூடும். "நல்ல வீடு, படிக்கவும் வைப்பார்கள்" என்பார்கள். மலையகத்திலிருந்து வேலைக்குப் போன ஒரு 16 வயதுச் சிறுமி 2021இல் தீக்காயங்களால் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதே ஆண்டில் வேலைக்கமர்த்தும் ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்புவதற்குச் சட்டத்திலும் இடமில்லை, மனச்சாட்சியிலும் இடமில்லை.

யாரிடம் போவது?

முதலில் வகுப்பாசிரியரிடமும் அதிபரிடமும் அமைதியாகப் பேசுங்கள். பெரும்பாலான பிரச்சினைகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுப்புங்கள். இடம்பெயர்ந்து வந்து புதிதாகப் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரும் அச்சங்கத்துக்கு உரியவர்களே.

அடுத்த படி வலயக் கல்வி அலுவலகம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை முதலிய இடங்களில் இவ்வலுவலகங்கள் உள்ளன. வாயால் சொல்வதோடு நிற்காமல் கடிதமாகக் கொடுத்து, பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே எழுதலாம், 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை என்பதும் நினைவிருக்கட்டும்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் கடமையாற்றுகிறார். பாடசாலை செல்லாத பிள்ளைகள், பெற்றோரை இழந்த பிள்ளைகள் தொடர்பாக அவரை நாடலாம். பிள்ளைக்கு அடி, துன்புறுத்தல், பாலியல் தொல்லை போன்ற ஆபத்து நேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்தை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். பொலிஸ் நிலையத்திலும் முறையிடலாம். அதிகாரிகளின் பாகுபாடு பற்றி இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று பதுளையில் உண்டு. துரித அழைப்பு இலக்கம் 1996.

அடுத்த கூட்டத்தில் கலந்துரையாட

மாதர் சங்கத்திலோ, அன்பியக் கூட்டத்திலோ, முகாம் குழுவிலோ கீழ்வரும் கேள்விகளை எடுத்துப் பேசுங்கள்:

1. நம் முகாமில் 5 வயதுக்கும் 16 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? இன்று பாடசாலைக்குப் போகாதவர்கள் யார்? காரணம் என்ன?
2. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் யார்? யாரோடு யார் பிரதேச செயலகத்துக்குத் துணை போவது?
3. பாடசாலைக் கட்டடத்திலேயே நாம் தங்கியிருந்தால், வகுப்புகள் மீண்டும் தொடங்க எந்த அறைகளை முதலில் விட்டுக்கொடுக்கலாம்?
4. கைக்குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது?
5. பிள்ளைகளையே அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவோமா?

முதலாம் கேள்விக்கு மட்டுமாவது பெயர் பெயராக விடை எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. எண்ணிக்கை கையிலிருந்தால் அதிபரும் அதிகாரியும் தட்டிக்கழிப்பது கடினம்.

விண்ணரசில் யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு ஒரு சிறு பிள்ளையை அழைத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பம் தன் பேச்சின் நடுவே வைப்பது வீடாக இருக்கலாம், நிலமாக இருக்கலாம். அவற்றோடு பிள்ளையையும் நடுவே நிறுத்துவோம். நாளைக் காலையில் முகாமிலிருந்து பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், அந்தப் பிள்ளையின் வாசலுக்குப் போய் ஏன் என்று கேளுங்கள்.